நடைப்பாதை முதலிலா, மலைச்சாலை முதலிலா?

காட்பாடி ஆசிரியர்:
2023 நவம்பரில் தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதையைத் தொடங்கியது. மக்கள் நலத்துக்கான பணத்தை முதலில் இத்தகைய முயற்சிகளுக்கே செலவிட வேண்டும் என்பது என் கருத்து. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் வந்த பிறகு ஆயுள் முழுக்க மாத்திரை கொடுப்பதைவிட, அவை வராமல் காப்பது மேல். நடப்பதற்கு ஏழை, பணக்காரர் என்ற தடையும் இல்லை.

குடியாத்தம் தன்னார்வலர்:
ஐயா, தடை இருக்கிறது. எங்கள் தெருவில் ஓர் அக்கா விடியுமுன் முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்தால், இலையைக் கத்தரித்து, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் பீடிக் கணக்கு முடியும்வரை எழுந்திருப்பதில்லை, எண்ணிக்கைக்குத்தான் கூலி. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்தபின் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது, அது பெரிய உதவிதான். ஆனால் காலைச் சாப்பாட்டோடு போட வேண்டிய அந்த மாத்திரையை அவர் பகல் 2 மணிக்குப் போடுகிறார். அன்றைக்கு அவர் முதன்முதலாகச் சாப்பிடுவதே அப்போதுதான். அவரிடம் போய் நடக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காட்பாடி ஆசிரியர்:
அந்த அம்மாவின் நிலை வருத்தம் தருகிறது. இருந்தாலும் கூலி உயர்ந்தால் மட்டும் உடல்நலம் வந்துவிடாது. எங்கள் பள்ளிப் பிள்ளைகளில், வசதியான வீட்டிலிருந்து வருபவர்களே காலையில் பாக்கெட் தின்பண்டத்தோடு வருகிறார்கள். இதைச் சொல்லிச் சொல்லித்தான் மாற்ற வேண்டும்.

ஒடுகத்தூர் வாசகர்:
நீங்கள் இருவரும் சமவெளியைப் பற்றியே பேசுகிறீர்கள். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊரை அடுத்த அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சரியான சாலை இல்லாததால் மருத்துவமனைக்குப் போய்ச் சேருமுன்பே இறந்தது; ஆம்புலன்ஸ் மேலே போக வழியின்றி, உடலைத் தாயே சுமந்து மலையேறினார். பாம்புக்கடிக்கு மருந்து உண்டு, அது காலத்தோடு உடம்பில் ஏற வேண்டும். 1900-இல் வேலூரில் ஒரே கட்டிலோடு மருத்துவமனை தொடங்கிய அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் அம்மையார், சில ஆண்டுகளில் மாட்டுவண்டியில் கிராமங்களுக்குப் போய்ச் சாலையோரத்தில் வைத்தியம் பார்த்தார். சாலையோர வைத்தியத்துக்கும் முதலில் ஒரு சாலை வேண்டும், ஐயா.

காட்பாடி ஆசிரியர்:
இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. மலைச்சாலையே முதலில் வரட்டும். ஆனால் காட்டு நிலத்தில் சாலை போட வனத்துறை அனுமதி வேண்டும், அது வரும்வரை ஊருக்குள் நடக்கும் மருத்துவ முகாமை நிறுத்திவிட முடியாது.

குடியாத்தம் தன்னார்வலர்:
நிறுத்த வேண்டாம், இடத்தையும் நேரத்தையும் மாற்றினால் போதும். சுருட்டிய பீடியைக் கணக்குக் கொடுக்கப் பெண்கள் வரிசையில் நிற்கும் இடத்திலேயே, அந்த நேரத்திலேயே, இரத்தக் கொதிப்பு பார்க்கும் கருவியோடு செவிலியர் ஒருவர் உட்கார வேண்டும் என்று அடுத்த கிராம சபையில் மனுக் கொடுக்கப் போகிறேன். நீங்களும் கையெழுத்திடுவீர்களா, ஐயா?