4444 போர்ட் திறந்திருக்கிறது, மால்வேரா என்று எப்படி உறுதி செய்வது?

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு நாளாக என் விண்டோஸ் கணினி மிகவும் மெதுவாக ஓடுகிறது. நெட்வொர்க் இணைப்புகளைக் காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையைப் போட்டுப் பார்த்தால், 4444 என்ற டிசிபி போர்ட் (நெட்வொர்க் இணைப்புக்கான வாசல் எண்) 'லிசனிங்', அதாவது இணைப்புக்காகக் காத்திருக்கிறது என்று காட்டுகிறது. அதைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராமின் பிஐடி (அடையாள) எண்ணை வைத்து டாஸ்க் மேனேஜரில் தேடினேன். டெம்ப் ஃபோல்டரிலிருந்து ஓடும், நான் நிறுவாத ஏதோ ஒரு புரோகிராம். நிறுத்தினால் நிற்கிறது, கணினியை மறுபடி போட்டதும் திரும்ப வந்துவிடுகிறது. ஆன்டிவைரஸ் ஒன்றுமில்லை என்கிறது.

போர்ட் எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது, சரி. எந்தப் புரோகிராமும் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கணினிகளுக்குள் ஊடுருவப் பயன்படும் மெட்டாஸ்ப்ளாய்ட் கருவியில் இயல்பாக அமைந்திருக்கும் எண் 4444 என்பதால்தான் பயமாக இருக்கிறது.

இதே நெட்வொர்க்கில் அம்மாவின் லேப்டாப்பும் இருக்கிறது, அதில் விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கான 445 போர்ட் திறந்திருக்கிறது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை மால்வேர் அந்த 445 வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. அதனால் என் கணினியின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி வைத்திருக்கிறேன்.

ஃபயர்வாலில் 4444-க்கு உள்ளே வரும் இணைப்பைத் தடுத்தால் போதுமா? அந்தப் புரோகிராமே, இணையதளங்களுக்குப் பயன்படும் 443 போர்ட் வழியாக வெளியே பேசினால் சாதாரண இணையப் போக்குவரத்து மாதிரிதானே தெரியும், அதை எப்படிப் பிடிப்பது? அப்புறம், டாஸ்க் ஷெட்யூலரில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. வேறு எங்கே பார்க்க வேண்டும்? ஃபார்மட்தான் ஒரே வழி என்றால், முதலில் படங்களை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொள்வது பாதுகாப்பானதா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.