இடையில் நிற்கும் பதிலிக்குத் தமிழில் என்ன சொல்?

மேலூரிலிருந்து:

வலைப் பாதுகாப்பைச் சோதிக்கும் ஸாப் மென்பொருளை நிறுவுவதற்கான கையேட்டில் சொல் இடறுகிறது. உலாவிக்கும் வலைத்தளத்துக்கும் நடுவே நிற்கும் பிராக்சியைப் ‘பதிலி’ என்றால், நமக்காகப் போய்வருவது என்பதோடு பொருள் நின்றுவிடுகிறது. ஸாப்பின் பிராக்சியோ உலாவி அனுப்பும் கோரிக்கையை நிறுத்திவைத்து, நாம் திருத்திய பிறகே அனுப்பும். ‘இடைமறிப்பி’ சரிவருமா?

திருமங்கலத்திலிருந்து:

வேண்டாம் அண்ணே, வழிப்பறி வாடை அடிக்கிறது. நம் கணினியில் நாமே நிறுவி, நம் உலாவியை அதன் வழியே விடுகிறோம். ‘மடைப்பதிலி’ என்போம். கண்மாயில் பலகையை இறக்கினால் தண்ணீர் நிற்கும், தூக்கினால் பாயும். ஸாப்பின் பிரேக் பொத்தான் அந்தப் பலகைதான். கையேட்டில் இப்படி வரும்:

“விண்டோஸ், லினக்ஸ் கணினிகளில் ஸாப் 2.16க்கு முதலில் ஜாவா 17 வேண்டும். மடைப்பதிலி 8080 போர்ட்டில் (கணினியின் இணைப்பு வாசல் எண்) நிற்கும். டாம்கேட் என்னும் வலைச் சேவையகம் அங்கே ஏற்கெனவே ஓடினால் 8090க்கு மாற்றுக. பயர்பாக்ஸின் மேனுவல் பிராக்சியில் 127.0.0.1 (நம் கணினியையே குறிக்கும் முகவரி), அதே போர்ட் எண். எச்டிடிபிஎஸ்ஸுக்கும் டிக் போடுக. ஸாப்பின் வேர்ச் சான்றிதழைச் (மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படையானது) சேமித்து, பயர்பாக்ஸின் அத்தாரிட்டீஸ் பட்டியலில் ஏற்றுக. ஏற்றும்போது கேட்கும் ‘வலைத்தளங்களை அடையாளம் காண நம்பு’ என்பதை டிக் செய்யாவிட்டால் எச்டிடிபிஎஸ் பக்கங்களில் எச்சரிக்கை வரும். ஒவ்வொரு தளத்துக்கும் ஸாப்பே தன் பெயரில் சான்றிதழ் எழுதித் தருவதுதான் காரணம்.”

செல்லூரிலிருந்து:

படிகள் சரி. ஆனால் ‘மடைப்ப…’ என்றதும் மதுரைக்காரருக்குக் கோயில் மடைப்பள்ளிதான் நினைவுக்கு வரும், புளியோதரை வாசத்தோடு. ‘மதகுப்பதிலி’ என்றால் குழப்பமில்லை. அதே பலகை, அதே வேலை. ‘கலிங்கு’ ஆகாது. அது கண்மாய் நிறைந்தால் தானாக வழியும், நிறுத்தித் திருத்த இடமில்லை.

ஒரு படியும் விடுபட்டிருக்கிறது. சோதிக்கும் தளம் லோக்கல்ஹோஸ்ட்டில், அதாவது நம் கணினியிலேயே, இருந்தால் பயர்பாக்ஸ் அதைப் பதிலிக்கு அனுப்பாது, நேரே போய்விடும். அபவுட் கான்ஃபிக் (about:config) என்னும் உள்ளமைப்புப் பக்கத்தில் ‘ஹைஜாக்கிங் லோக்கல்ஹோஸ்ட்’ என்று முடியும் அமைப்பை ட்ரூ ஆக்க வேண்டும். (பயர்பாக்ஸ்காரர்களுக்கே வழிப்பறிதான் தோன்றியிருக்கிறது!)

மேலூரிலிருந்து:

மதகுப்பதிலியே இருக்கட்டும். பிரேக் பொத்தானுக்குப் ‘பலகை’. ‘பலகையை இறக்கு’, ‘பலகையைத் தூக்கு’ என்றே எழுதுகிறேன். ஸாப்பை மூடியபின் பயர்பாக்ஸில் ‘நோ பிராக்சி’க்குத் திரும்பாவிட்டால் எந்தத் தளமும் திறக்காது. பலரும் இணையமே போய்விட்டது என்று மோடத்தை அணைத்துப் போடுவார்கள். அதைக் கடைசிப் படியாகத் தடித்த எழுத்தில் சேர்க்கிறேன். தளத்தைத் தாக்கிப் பார்த்தே ஓட்டை தேடும் ஆக்டிவ் ஸ்கேன் பகுதிக்கு முன்னால் ‘உங்களுடைய தளத்திலோ, எழுத்தில் அனுமதி தந்த தளத்திலோ மட்டும்’ என்ற வரியும் வரும்.