மழைக்குப் பிறகு கிளாரிஃபயரில் சேறு மிதக்கிறது, பம்பும் அடைத்துக்கொண்டது: என்ன செய்வது?

நைட்ஷிஃப்ட்_குடந்தை:

வணக்கம். பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, கும்பகோணம் பக்கம் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒப்பந்த ஆபரேட்டராகச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. ஐப்பசி அடைமழையில் உள்ளே வரும் தண்ணீர் ஏறக்குறைய இரண்டு மடங்கானது, இப்போது பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனால் நாலு நாளாகக் கிளாரிஃபயரில் (சேறு அடியில் படிந்து தெளிந்த தண்ணீர் மேலே வழியும் தொட்டி) பழுப்புக் கட்டிகள் அடை அடையாக மேலே வந்து மிதக்கின்றன, கூடவே சின்னச் சின்னக் குமிழ்கள், எல்லாம் சுத்தமான தண்ணீரோடு சேர்ந்து வெளியே வழிகிறது. எஸ்வி30 (ஒரு லிட்டர் கலவையை 30 நிமிடம் வைத்தால் படியும் சேறு, மில்லியில்) இன்று 320, எம்எல்எஸ்எஸ் (ஏரேஷன் தொட்டியில் இருக்கும் சேறு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 3600. மழைக்கு முன் 250, 2800. காற்று ஊதும் ஏரேஷன் தொட்டியில் ஆக்சிஜன் லிட்டருக்கு 4.5 மில்லிகிராம். இரண்டு ப்ளோயரும் முழுநேரமும் ஓடுகின்றன. உலர்த்தும் பாத்திகளில் மழைத்தண்ணீர் நிற்பதால் மூன்று வாரமாகச் சேறு வெளியேற்றவே இல்லை. கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவர் சாணி கரைத்து ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார்.

இன்னொன்று. படிந்த சேற்றை ஏரேஷன் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஸ்லட்ஜ் பம்ப் இரண்டில் ஒன்று துணி சிக்கி நின்றுவிட்டது, சம்ப்புக்குள் (சேறு சேரும் குழி) 12 அடி ஆழத்தில் இருக்கிறது. "இறங்கி ஒரு இழு இழுத்தால் வந்துவிடும், அஞ்சு நிமிஷ வேலை" என்கிறார் சூப்பர்வைசர். இன்று இரவு நானும் ஹெல்ப்பர் பையனும் மட்டும்தான். இறங்கலாமா?

பம்ப்ஹவுஸ்_22வருஷம்:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். இறங்காதே. நீயும் வேண்டாம், அந்தப் பையனும் வேண்டாம்.

தேங்கிய சேற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு கட்டிக்கொண்டிருக்கும், காலை வைத்துக் கிளறிய அந்த நொடியில்தான் மொத்தமாகக் கிளம்பும். அழுகிய முட்டை வாடை வந்தால் ஏறிவிடலாம் என்று நினைக்காதே, 100 பிபிஎம் அளவிலேயே மூக்கு மரத்துவிடும், வாடை போய்விட்டது, காற்று நல்லாத்தான் இருக்கிறது என்று தோன்றும். அதைவிட ஏழெட்டு மடங்கு இருந்தால் இரண்டு மூச்சில் ஆள் சுருண்டு விழுவான். மேலே நிற்பவன் பதறிப்போய்த் தூக்க இறங்குவான், அவனும் போவான். என்னோடு ஒரே ஷிஃப்டில் இருந்த ஒருவரை இப்படித்தான் பறிகொடுத்தேன். அவரிடமும் அஞ்சு நிமிஷ வேலை என்றுதான் சொன்னார்கள்.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலும் மலக்குழியிலும் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இதை சூப்பர்வைசரிடம் பேச்சாக விடாதே, லாக் புக்கில் நேரம் போட்டு எழுது: "சம்ப்பில் இறங்கச் சொன்னார்கள், கேஸ் மீட்டர், காற்றுச் சாதனம் இல்லாததால் இறங்கவில்லை."

பம்ப் மேலே வர வழி இருக்கிறது. சப்மெர்சிபிள் (தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் பம்ப்) என்றால் கைடு ரெயிலும் சங்கிலியும் இருக்கும். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டு, பகலில் நாலு பேராகச் செயின் புல்லி போட்டுத் தூக்குங்கள். சங்கிலி அறுந்திருந்தால் கொக்கியும் கயிறும் வைத்து மேலிருந்தே மீன் பிடிப்பதுபோலத்தான் பிடிக்க வேண்டும், நேரமாகும், ஆகட்டும்.

தஞ்சை_லேப்:

அண்ணன் சொன்னதுதான் முதல். இனி சேற்றுக்கு வருகிறேன்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 320ஐ 1000ஆல் பெருக்கி 3600ஆல் வகுத்தால் எஸ்விஐ (சேறு எவ்வளவு நன்றாகப் படிகிறது என்பதைக் காட்டும் எண்) 89, மழைக்கு முன்னாலும் அதே 89தான். ஆக சேறு நன்றாகவே படிகிறது, படிந்த பிறகுதான் எழும்புகிறது. ஒரு சோதனை செய்யுங்கள்: எஸ்வி30 சிலிண்டரை அரை மணியில் கொட்டிவிடாமல் இரண்டு மணி நேரம் அப்படியே வையுங்கள். அடியில் படிந்த சேறு குமிழோடு அடையாக மேலே வந்தால் டிநைட்ரிஃபிகேஷன் (நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாக மாறுவது), சந்தேகமே வேண்டாம்.

மழைத்தண்ணீர் கலந்து கழிவின் செறிவு குறைந்துவிட்டது, நுண்ணுயிர்களுக்குத் தீனி கம்மி, சேறும் மூன்று வாரமாக வெளியேறாமல் கிழடாகிவிட்டது, ப்ளோயர் மட்டும் பழைய வேகத்தில் ஓடுகிறது. நம் ஊர்ச் சூட்டுக்கு அம்மோனியா முழுக்க நைட்ரேட்டாக மாறிவிடும். ஒரு பம்ப் நின்றுபோனதால் சேறு கிளாரிஃபயர் அடியில் ஆக்சிஜன் இல்லாமல் அதிக நேரம் கிடக்கிறது, அங்கே நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகிச் சேற்றைத் தூக்கிக்கொண்டு வருகிறது.

அதனால் ஒரு ப்ளோயரை நிறுத்தி ஆக்சிஜனை 2க்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள், ஆனால் தொட்டியின் மூலைகளில் சேறு தங்காமல் கலங்குகிறதா என்று நின்று பாருங்கள். ஓடுகிற ரிட்டர்ன் பம்பின் வால்வை முழுக்கத் திறங்கள். ஒரு பாத்திக்காவது தார்ப்பாய்ப் பந்தல் போட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேறு வெளியேற்றுங்கள், ஒரே நாளில் மொத்தமும் இறக்கிவிடாதீர்கள். சாணி வேண்டாம். புதுத் தொட்டியில் உயிர் பிடிக்க வைக்க அது உதவும், உங்களிடம் இருப்பதோ அளவுக்கு மிஞ்சிய சேறு.

கடைமடை_வாய்க்கால்:

நான் விவசாயி, இந்த வேலை எனக்குத் தெரியாது. எங்கள் பக்கம் ஒரு நிலையத்துத் தண்ணீர் வடிகாலில் கலந்து எங்கள் வயலுக்குத்தான் வருகிறது. கோடையில், மேட்டூர் திறக்கும்வரை, அந்தத் தண்ணீர்தான் மாட்டுக்கும் நாற்றங்காலுக்கும். இப்போது சம்பா நிற்கிறது, தழைச்சத்து கூடினால் பயிர் கரும்பச்சையாகத் தழைத்துச் சாய்ந்துவிடும், பூச்சியும் சேரும். கறுப்புக் கட்டி மிதந்து வரும்போது யாரைக் கேட்பது என்று இத்தனை வருஷம் தெரியாமல் இருந்தோம். இப்படி ஆகிற நாளில் கீழே இருக்கிறவர்களுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள் தம்பி, மடையை அடைத்துக்கொள்வோம். திட்டமாட்டோம்.

நைட்ஷிஃப்ட்_குடந்தை:

மூன்று பேருக்கும் நன்றி. இறங்கவில்லை, லாக் புக்கில் எழுதினேன், சூப்பர்வைசர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் செயின் புல்லி வந்தது. பம்ப் வாயில் முக்கால் சேலையும் ஒரு சாக்கும். சிலிண்டரில் ஒன்றேகால் மணி நேரத்தில் சேறு மேலே வந்தது, லேப் அக்கா சொன்னது அப்படியே. ஒரு ப்ளோயர்தான் ஓடுகிறது, ஆக்சிஜன் 2.1, எம்எல்எஸ்எஸ் 3200க்கு இறங்கியிருக்கிறது. இன்று காலை கிளாரிஃபயர் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கட்டி. ஐயா, எங்கள் வடிகால் எந்த வாய்க்காலில் சேர்கிறது என்று நாளை பகல் ஷிஃப்ட் முடிந்ததும் கரையோடு நடந்து பார்க்கப் போகிறேன், மடை பார்க்கிறவர் நம்பரையும் வாங்கி லாக் புக் முதல் பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.