காட்டோடைப் பாதை: நீரை ஒட்டியா, தள்ளியா?

கரைமரம்: வரைவுத் திட்டம் பார்த்தேன். ஓடையின் இரு கரையிலும், நீர்விளிம்பிலிருந்து 5 மீட்டரில், 3 மீட்டர் அகலத் தார்ப்பாதை. பெயர் மட்டும் பாதுகாப்புத் திட்டம்! 3 மீட்டர் பாதை போட இயந்திரம் திரும்பவே அதைவிட இரண்டு மடங்கு இடத்தை வெட்டுவார்கள். வேர் போனால் கரை சரியும். நிழல் போனால் நீர் சூடாகி ஆக்சிஜன் குறையும். நீரிலிருந்து 30 மீட்டருக்கு வேலி போட்டு மூடுங்கள்.

சக்கரம்: வேலி போட்ட மறுமாதமே அதில் ஓட்டை விழும். ஜனங்கள் வருவதே தண்ணீரைப் பார்க்கத்தான். வழி இல்லையென்றால் சரிவில் நேராக இறங்கி அவர்களே பத்துத் தடம் போடுவார்கள், மழைக்கு அத்தனையும் வாய்க்காலாகும். அப்புறம், சக்கர நாற்காலியில் வருபவர் எங்கே போவார்? அவருக்கு 5% ஏற்றத்துக்குள் (100 மீட்டருக்கு 5 மீட்டர் உயர்வு), கெட்டியான தரை வேண்டும்.

மட்டப்பலகை: இருவரும் தூரத்தையே பிடித்துத் தொங்குகிறீர்கள். பாதையைக் கெடுப்பது அதன் மேலேயே ஓடும் மழைநீர். பக்கச்சரிவு, அதாவது பாதை குறுக்கே போகும் நிலத்தின் சரிவு, 20% என்றால் பாதையின் ஏற்றம் 10%-ஐத் தாண்டக் கூடாது, அதாவது பாதிக்கு மேல் போகக் கூடாது. தாண்டினால் நீர் குறுக்கே வழியாமல் பாதையோடு இறங்கும். மண்பாதைக்குப் பள்ளப்பக்கமாக 3-5% சாய்வு கொடுங்கள். அது மட்டும் போதாது: கால் பட்டுப் பட்டு நடு அமுங்கும், வெளிவிளிம்பில் மண் வரப்பு கட்டும், சாய்வு செத்துவிடும். ஆகவே இடையிடையே பாதையைச் சற்று இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். வரப்பு கட்டினாலும் அந்தத் தாழ்விலாவது நீர் வெளியேறும்.

நீருக்கு இறங்கும் இடம் இரண்டு மூன்று போதும். வளைவின் உள்பக்கம் மட்டும். வெளிப்பக்கத்தில் ஓட்டம் கரையின் அடியை அறுக்கும், எவ்வளவு பெரிய கற்படியும் ஒரு வெள்ளத்தில் உள்ளே சாயும்.

கரைமரம்: உள்வளைவுச் சரளையின் நீர்விளிம்பில் சில மீன்கள் முட்டையிடும். மிதிபட்டுக் கலங்கிய வண்டல் இடுக்கை அடைத்தால் முட்டை மூச்சுத் திணறும். அந்தப் பருவத்தில் யார் காவல் நிற்பது?

மட்டப்பலகை: நியாயம். இடத்தைத் தேர்வதற்கு முன் எந்தச் சரளையில் முட்டை இருக்கிறது என்று பாருங்கள். அதை விட்டு வேறு வளைவு. பருவத்தில் படியின் தலைப்பில் கதவு, பக்கவாட்டில் முட்புதர். வெறும் பலகையில் எழுதி வைத்தால் யாரும் நிற்க மாட்டார்கள்.

சக்கரம்: தார்ப்பாதைக்கு ஒரு யோசனை. பல ஓடைப் பள்ளங்களில் கழிவுநீர்க் குழாய்க்கான பராமரிப்புத் தடம் இருக்கும். இங்கும் இருந்தால் அதன் மேலேயே போடலாம், புதிதாக மரம் வெட்ட வேண்டாம். மறுகரையில் 90 செ.மீ. மண்பாதை எனக்குச் சம்மதம்.

கரைமரம்: மறுகரைக்கு எதற்குப் பாதை? காட்டுயிருக்கு ஒரு கரையாவது மிச்சம் வையுங்கள். ஓடையைத் தாண்டும் இடங்களில் குழாய் மதகு (பாதைக்கு அடியில் ஓடைநீர் போகும் குழாய்) என்று திட்டத்தில் போட்டிருப்பதையும் பாருங்கள்.

மட்டப்பலகை: அதை முதலில் திட்டத்திலிருந்து நீக்குங்கள். குறுகிய குழாயில் வெள்ளம் வேகமெடுத்து வாய்க்குக் கீழே குழி பறிக்கும். சில மழைக்காலத்தில் குழாய்வாய் அந்தரத்தில் நிற்கும், மீன் ஏற முடியாது. கிளை அடைத்தால் நீர் பாதையையே உடைத்துப் போகும். இரு கரையையும் தாண்டி நிற்கும், நடுவில் தூண் இல்லாத பாலம்தான் சரி.

சக்கரம்: செலவு?

மட்டப்பலகை: கூடத்தான். மறுகரைப் பாதையை நீக்கினால் தாண்டும் இடமே குறையும். அந்தக் கணக்கில் கரைமரம் பக்கம்தான் நான்.

சக்கரம்: நான் இல்லை. ஒரே பாதையில் சைக்கிளும் நடையும் மோதும். 3 மீட்டர் அகலம் வேண்டுமென்பது அதற்குத்தான்.