கண்மாய் வரைபடம் லட்சத்தீவுக் கடலில் விழுகிறது, உதவுங்கள்

கேள்வி: திருப்புல்லாணிப் பக்கத்துக் கிராமம்

வணக்கம். எங்கள் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் பாதிக்கு மேல் காட்டுக்கருவைக்குள் மறைந்து கிடக்கிறது. எங்கெங்கே அடைபட்டிருக்கிறது என்று வரைபடமாகப் போட்டு, அக்டோபர் 2 கிராம சபையில் வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையை விட்டால் எங்களுக்கு வேறு தண்ணீர் கிடையாது. அதற்குள் கால்வாய் சுத்தமானால்தான் கண்மாய் நிறையும்.

கையில் மூன்று இருக்கின்றன. அரசு இணையத்தளம் ஒன்றில் எடுத்த நீர்நிலைகள் ஷேப்ஃபைல் (இடங்களின் எண்களைக் கொண்ட கணினி வரைபடக் கோப்பு), எங்கள் ஊர் ஆசிரியர் ஒருவர் பத்திரமாக வைத்திருந்த பழைய டோப்போஷீட்டின், அதாவது அரசு நிலவரைபடத் தாளின், ஸ்கேன் (தாள் எண் 58 கே/15), சர்வே எண் வாரியாக எடுத்த புலப்படங்கள் (நில அளவைப் படங்கள்). வரைபடம் போடும் மென்பொருள் கியூஜிஐஎஸ்.

ஷேப்ஃபைலைத் திறந்தால் கண்மாய் எல்லாம் மினிக்காய்த் தீவுக்கு வடக்கே நடுக்கடலில் நிற்கின்றன. டோப்போஷீட்டை அதன் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வைத்துப் பொருத்தினேன். அது ஏறக்குறைய சரியான இடத்தில் வருகிறது. ஆனால் சேதுக்கரையின் கரைக்கோடு இன்றைய கரையைத் தாண்டிக் கடலுக்குள் இருநூறு மீட்டர் வாக்கில் போகிறது. கடல் அவ்வளவு உள்ளே வந்துவிட்டதா? இதையும் மனுவில் சேர்க்கச் சொல்கிறார்கள் ஊரில்.

பதில்: மதுரை, வரைபட வேலை பார்ப்பவர்

தம்பி, கடல் விஷயத்தை இப்போதைக்கு மனுவில் சேர்க்க வேண்டாம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஷேப்ஃபைல். அந்த ஃபோல்டரில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன? எஸ்.எச்.பி., எஸ்.எச்.எக்ஸ்., டி.பி.எஃப். மூன்றும் இருந்தால் கோப்பு திறந்துவிடும். பி.ஆர்.ஜே. என்று நான்காவது ஒன்று உண்டு. எண்கள் எந்த அளவை முறையில் இருக்கின்றன என்று சொல்வது அதுதான். அப்புறம், லேயரின் எல்லை எண்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்

பி.ஆர்.ஜே. இல்லை அண்ணே, தளத்தில் கொடுத்த ஜிப்பிலேயே இல்லை. எங்கள் ஊர்க் கண்மாய்க்குக் கிழக்கு எண் 2,60,000 வாக்கிலும் வடக்கு எண் 10,26,000 வாக்கிலும் காட்டுகிறது. நான் பயன்படுத்தும் ப்ராஜெக்ட், கோவை நண்பர் ஒருவர் அவர் வேலைக்கு அமைத்து எனக்குக் கொடுத்தது.

பதில்: மதுரை

அப்படியானால் விடை கிடைத்துவிட்டது. இடத்தை மீட்டர் எண்களால் குறிக்கும் யு.டி.எம். முறையில் பூமியை 6 பாகை அகலப் பட்டைகளாகப் பிரித்திருக்கிறார்கள். 72 முதல் 78 பாகை வரை 43-ஆம் பட்டை, 78 முதல் 84 வரை 44-ஆம் பட்டை. இந்த 78 பாகைக் கோடு தமிழ்நாட்டின் குறுக்கே போகிறது. கோவை, நெல்லை எல்லாம் 43-இல். மதுரையும் ராமநாதபுரமும் 44-இல்.

ஒவ்வொரு பட்டையிலும் எண்கள் அதே அளவில் திரும்ப வரும். உங்கள் கோப்பு 44-க்கு உரியது. பி.ஆர்.ஜே. இல்லாததால் மென்பொருள் ப்ராஜெக்டின் 43-ஐ எடுத்துக்கொண்டது. அதனால் சரியாக 6 பாகை மேற்கே போய்விட்டது. திருப்புல்லாணி ஏறக்குறைய 78.8 பாகை, அதில் 6 போனால் 72.8. அங்கே இருப்பது லட்சத்தீவுக் கடல்.

லேயர்மேல் வலது சொடுக்கி, 'செட் லேயர் சி.ஆர்.எஸ்.' (அளவை முறையைக் குறிக்கும் இடம்) என்பதில் 44-ஆம் பட்டையின் குறியீட்டு எண்ணான இ.பி.எஸ்.ஜி. 32644 கொடுங்கள். 'ரீப்ராஜெக்ட்' செய்யாதீர்கள். முதலாவது, இருக்கும் எண்ணுக்குச் சரியான அடையாளம் தருவது. இரண்டாவது, எண்களையே கணக்கிட்டு மாற்றிவிடும். தவறான அடையாளத்தோடு மாற்றினால் பிழை கோப்புக்குள்ளேயே ஏறிவிடும், பிறகு கண்டுபிடிப்பது பெரும்பாடு.

இதே மாதிரி இன்னொன்றும் அடிக்கடி நடக்கும். ஜி.பி.எஸ். எண்களை எக்செல்லில் இருந்து ஏற்றும்போது அட்சமும் தீர்க்கமும் இடம் மாறினால், நம் ஊர் வட துருவப் பக்கம் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு மேற்கே போய்விடும். எங்கே விழுகிறது என்று பார்த்தாலே என்ன கோளாறு என்று பாதி சொல்லிவிடலாம்.

இனி டோப்போஷீட். கரைக்கோட்டை விடுங்கள். திருப்புல்லாணி ஆதி ஜெகன்னாதப் பெருமாள் கோயில் பழைய தாளில் எங்கே விழுகிறது, செயற்கைக்கோள் படத்தில் எங்கே இருக்கிறது? அந்த இடைவெளியையும் திசையையும் அளந்து சொல்லுங்கள்.

கேட்டவர்

32644 கொடுத்தவுடன் கண்மாய்கள் ஊருக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன. மிக்க நன்றி அண்ணே. கோயிலும் தென்கிழக்காகத் தள்ளித்தான் விழுகிறது, கரைக்கோடு தள்ளியிருக்கும் அதே அளவுக்கு.

பதில்: மதுரை

கோயில் நகரவில்லை. கோயிலும் கரையும் ஒரே திசையில் ஒரே அளவு தள்ளியிருந்தால், நகர்ந்தது வரைபடம். பழைய டோப்போஷீட்டுகள் எவரெஸ்ட் 1830 என்ற நீள்வட்ட அளவை வைத்து வரைந்தவை. 1802-இல் சென்னை பரங்கிமலையில் அடிக்கோடு (முதலில் அளக்கும் நேர்கோட்டுத் தூரம்) அளந்து தொடங்கிய முக்கோண அளவையின் வழியில் வந்த கணக்கு அது. இன்றைய ஜி.பி.எஸ். கணக்கு டபிள்யூ.ஜி.எஸ். 84. நம் கடற்கரையில் இரண்டுக்கும் இடையே இருநூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். பழைய எண்ணை அப்படியே புதிய கணக்கில் வைத்தால் எல்லாம் தென்கிழக்கே போகும். உங்களுக்குத் தெற்கே கடல்தானே, அதனால் கரை கடலுக்குள் போனதுபோலத் தெரிகிறது.

தாளின் மூலை எண்களைப் பொருத்தும்போது அந்த எவரெஸ்ட் அளவில் அமைந்த கலியான்பூர் 1975 (இ.பி.எஸ்.ஜி. 4146) என்று கொடுங்கள். பிறகு 32644-க்கு மாற்றுங்கள். கோயில் வந்து பொருந்தும். 1:50,000 தாளில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர் என்பதால், கோட்டின் தடிப்பு அளவுக்குப் பிசகு எப்போதும் இருக்கும்.

கடலரிப்பு உங்கள் மாவட்டத்தில் உண்மையான பிரச்சினை. அதனால்தான் சொல்கிறேன், தவறான எண்ணோடு மனு கொடுத்தால் அடுத்த முறை சரியான எண்ணைக் கொண்டுபோனாலும் நம்ப மாட்டார்கள்.

பதில்: கீழக்கரை

இவ்வளவு எதற்கு? சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் இலவசம், 10 மீட்டர் நுணுக்கம். டிசம்பர் மாதப் படத்தை எடுத்து தண்ணீர் நிற்கும் ஓரத்தை வரைந்தால் கண்மாய் எல்லை வந்துவிடுமே.

பதில்: பரமக்குடி, நில அளவையில் இருந்து ஓய்வு

கீழக்கரைத் தம்பிக்கு: அது அந்த ஆண்டு நின்ற தண்ணீரின் ஓரம். கண்மாயின் எல்லை ஆகாது. மழை குறைந்த ஆண்டில் கண்மாயின் உட்பகுதியான உள்வாய் முழுக்கக் காய்ந்து கருவை பச்சையாக நிற்கும். படத்தில் அது தோப்புபோலத் தெரியும். அதை வரைந்து கொடுத்தால், வெளியே விட்ட நிலமெல்லாம் கண்மாய் இல்லை என்று நாமே எழுதிக்கொடுத்ததாகிவிடும்.

அரசாங்கத்தில் செல்லுபடியாகும் எல்லை புலப்படத்திலும் நில விவரப் பதிவான 'அ' பதிவேட்டிலும்தான் இருக்கிறது. பதிவேட்டில் கண்மாய்ப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு என்று வகை போட்டிருக்கும். பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். தமிழ்நாடு அரசின் இ-சேவைத் தளத்தில் யாரும் பார்க்கலாம். முதலில் வரத்துக்கால் போகும் சர்வே எண்களை வரிசையாகப் பட்டியல் எடுங்கள். மனுவுக்கு அந்தப் பட்டியல்தான் உயிர்.

புலப்படத்தில் அட்சரேகை எதுவும் கிடையாது. ஒரு கோட்டில் இருந்து செங்குத்தாக அளந்த தூரங்கள் மட்டும் இருக்கும். ஆகவே தரையில் நிற்கும் புள்ளிகளைப் பிடித்துப் பொருத்த வேண்டும். எல்லைக் கல், கலுங்கின் (மிகைநீர் வழியும் இடம்) மூலை, மடை, சாலைப் பாலத்தின் ஓரம். புள்ளிகள் நாலு பக்கமும் பரவி இருக்க வேண்டும், ஒரே மூலையில் குவியக் கூடாது. பொருத்தும்போது 'ஹெல்மர்ட்' முறையை மட்டும் எடுங்கள். அது படத்தைத் திருப்பும், நகர்த்தும், ஒரே சீராகப் பெரிதாக்கும். 'பாலினாமியல்' முறை படத்தைச் சாய்த்துவிடும் அல்லது வளைத்துவிடும், அளந்த நீளமெல்லாம் வீணாகும்.

ஒரு விஷயம், ஊரில் பழைய நீர்பாய்ச்சி (வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுபவர்) யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு கால்வாய் நெடுக நடங்கள். எந்த மேட்டில் தண்ணீர் திரும்பும் என்று அவருக்குத் தெரிந்த அளவு எந்தப் படத்திலும் இருக்காது. தட்டையான நம் ஊருக்கு செயற்கைக்கோள் உயரத் தரவு உதவாது. அதன் பிசகே சில மீட்டர், நம் நிலத்தின் வாட்டமோ அதைவிடக் குறைவு.

கேட்டவர்

ஐயா, நீங்கள் சொன்னபடி பொருத்தியாயிற்று. வரத்துக்கால் வாய்க்கால் புறம்போக்கு எண்களின் மேலேயே போகிறது. டோப்போஷீட்டின் நீலக்கோடும் அதே வழியில்தான் இருக்கிறது. நீர்பாய்ச்சித் தாத்தாவோடு போனில் ஜி.பி.எஸ். போட்டு நடந்தோம். ஓரிடத்தில் புதுப் பாதைக்கு மண் கொட்டி, குழாய் போடாமல் விட்டிருக்கிறார்கள். மற்ற அடைப்பெல்லாம் கருவைதான். இந்த வரைபடத்தை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது இணைய வரைபடத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஏற்றலாமா? யாரிடம் மனு கொடுப்பது?

பதில்: மதுரை

நீங்கள் நடந்து எடுத்த தடத்தைத் தாராளமாக ஏற்றலாம். அரசுக் கோப்பையோ புலப்படத்தையோ பார்த்து வரைந்த கோட்டை, உரிமம் தெளிவாகாமல் ஏற்றக் கூடாது. கண்மாயில் ஆண்டு முழுதும் தண்ணீர் நிற்காது என்பதையும் குறித்துவிடுங்கள். பெயரைத் தமிழில் எழுதுங்கள், ஊரார் சொல்லும் பெயராக.

பதில்: பரமக்குடி

ஆயக்கட்டு (கண்மாய் நீர் பாயும் நிலம்) 40 ஹெக்டேருக்குக் கீழ் என்றால் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. அதைப் பார்த்துவிட்டு, தீர்மானத்தில் சர்வே எண்களை ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். மண் கொட்டிய இடத்துக்குத் தனி வரி, குழாய்ப் பாலம் வேண்டும் என்று.