இயற்பியல் படித்தவர் தொழில்முனைவர் ஆவது: ராபர்ட் நாய்ஸின் வழி எங்கள் மகளுக்குப் பொருந்துமா?

கேள்வி: ஒரு தாய், பட்டர்வொர்த்

வணக்கம். பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வான எஸ்.டி.பி.எம். முடித்திருக்கும் எங்கள் மகள், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து, பின்னாளில் சொந்தமாகத் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்க விரும்புகிறாள். உறவினர்களோ பொறியியல்தான் சோறு போடும் என்கிறார்கள். அவள் முன்மாதிரியாகக் கொள்வது, 1968இல் கோர்டன் மூருடன் சேர்ந்து, கணினிச் சில்லுகள் (chips) செய்யும் இன்டெல்லைத் தொடங்கிய ராபர்ட் நாய்ஸை. அந்நிறுவனம் 1972இல் பாயான் லெப்பாஸுக்கு வந்ததால், பினாங்கில் அதன் பெயரை அறியாத குடும்பமே குறைவு. நாய்ஸ் படித்த இயற்பியல் அவருடைய தொழிலுக்கு உண்மையிலேயே உதவியதா, அல்லது எதைப் படித்திருந்தாலும் அவர் முன்னேறியிருப்பாரா? துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ஓய்வுபெற்ற சில்லுத் தொழிற்சாலைப் பொறியாளர், பாயான் லெப்பாஸ்

அம்மா, நேரடியாகவே உதவியது என்பது என் உறுதியான கருத்து. நாய்ஸ் 1953இல் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றது, மின்கடத்தாப் பொருள்களின் மேற்பரப்பில் எலக்ட்ரான்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்ற ஆய்வுக்காக. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு கருவிகளான அக்காலத்து டிரான்சிஸ்டர்களின் பெருந்தொல்லையும் மேற்பரப்பில்தான் இருந்தது: இருவகைச் சிலிக்கான் பகுதிகள் சேரும் சந்திப் பகுதி திறந்து கிடந்ததால், தூசும் ஈரமும் பட்டு அவை கெட்டுப்போயின. ஃபேர்சைல்டு நிறுவனத்தில் அவருடன் பணியாற்றிய ழான் ஹோர்னி, அவரும் இயற்பியலாளரே, சிலிக்கான் டைஆக்சைடு படலத்தை அகற்றாமல் சந்தியின்மேல் காப்பாக விட்டுவைக்கும் முறையை உருவாக்கினார். அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே அதில் சிறு துளைகள் திறந்து, மேலே அலுமினியத் தடங்களைப் படியவைத்தால், ஒரே சில்லில் உள்ள உறுப்புகள் அனைத்தையும் கையால் கம்பி கட்டாமலே இணைத்துவிடலாம் என்று நாய்ஸ் கண்டார். 1959 ஜூலையில் அவர் கோரிய காப்புரிமை 1961இல் கிடைத்தது. நாங்கள் ஆலையில் கையாண்ட ஒவ்வொரு சில்லிலும் இந்தக் கருத்தைக் கண்டிருக்கிறேன் என்பதால், சற்று நீளமாகவே எழுதிவிட்டேன்.

இப்படி எல்லா உறுப்புகளும் ஒரே சில்லில் அமைந்த ஒருங்கிணைந்த மின்சுற்றை, நாய்ஸுக்குச் சில மாதங்கள் முன்பே செய்துகாட்டிய ஜாக் கில்பி மின்பொறியாளர் என்பதையும் சொல்வதே நேர்மை. இரண்டு படிப்புகளிலிருந்தும் அந்த இடத்துக்கு வழி இருந்தது.

பதில்: முதலீட்டுத் துறையில் இருப்பவர், கோலாலம்பூர்

மேலே ஐயா எழுதிய அறிவியலை மறுக்கவில்லை. ஆனால் கண்டுபிடிப்பு மட்டுமே நிறுவனம் ஆகிவிடாது. 1957இல், டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஷாக்லியின் ஆய்வகத்தை விட்டு நாய்ஸ் உட்பட எட்டுப் பேர் வெளியேறியபோது, அவர்களுக்காக முதலீட்டாளரைத் தேடி அலைந்தவர் ஆர்தர் ராக் என்ற நிதித்துறையாளர். அவர்களின் ஃபேர்சைல்டு சில்லு நிறுவனத்துக்குப் பணம் தந்த ஃபேர்சைல்டு கேமரா நிறுவனம், பின்னர் எட்டுப் பேரின் பங்குகளையும் வாங்கிக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்திலேயே வைத்திருந்தது. 1959இல் அதைப் பயன்படுத்தியும் கொண்டது. இன்டெல்லுக்கு 25 லட்சம் டாலர் திரட்டித் தந்தவரும் அதே ராக்தான். உங்கள் மகள் எந்தப் பட்டம் பெற்றாலும், பங்கு ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பதில்: இயற்பியல் ஆசிரியை, ஜார்ஜ்டவுன்

அக்கா, காலக்கணக்கையும் கவனியுங்கள். பட்டம் பெற்றவுடன் நாய்ஸ் தொழில் தொடங்கிவிடவில்லை. முதலில் ஃபில்கோ நிறுவனத்திலும், பிறகு ஷாக்லியிடமும் ஊழியராக இருந்தார். இன்டெல் தொடங்கியபோது அவருக்கு வயது 40. கூட்டாளி மூர் வேதியியலாளர். உற்பத்தியைக் கட்டுக்கோப்பாக நடத்தியவர் வேதிப்பொறியாளரான ஆண்ட்ரூ குரோவ். ஒருவரிடம் இல்லாத அறிவு மற்றவரிடம் இருந்தது.

ஆகவே அவள் இயற்பியலையே எடுக்கட்டும். திடப்பொருள் இயற்பியலையும் மின்னணுவியலையும் விடாமல் படிக்கட்டும். விடுமுறைக்கால வேலைப் பயிற்சியைப் பாயான் லெப்பாஸிலோ கூலிமிலோ ஓர் ஆலையில் தேடச் சொல்லுங்கள். சேர்வதற்கு முன், இறுதியாண்டு ஆய்வுக்குக் குறைகடத்திக் கருவிகளை மாணவர்களே இயக்க முடியுமா என்று துறையில் நேரில் விசாரியுங்கள். இயற்பியலா பொறியியலா என்பதைவிட, அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையையே நான் முக்கியமாகக் கருதுவேன்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த வாரம் மகளுடன் துறைக்கே சென்று விசாரிக்கிறோம். ஐயா, ஆக்சைடு படலத்தைப் பற்றி அவளுக்கு மேலும் கேள்விகள் இருக்கின்றன. அவளே இங்கு எழுதுவாள்.