கடலோரம் 12 சென்ட்: தோட்டத்து சொந்தங்கள் குரூப்

செந்தில்: எல்லாத்துக்கும் வணக்கமுங்க. பாண்டிச்சேரிக்கு வடக்க, ஈசிஆர் ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவுல 12 சென்ட் எடம் ஒண்ணு வருது. கடலுக்கு 70 மீட்டர்தான், நாம நாலு பேரு சேந்து வாங்கி நாலு ரூம் கட்டி உட்டா சனி ஞாயிறு ஆளு வந்துட்டே இருக்கும்னு புரோக்கர் சொல்றாரு, 2019ல வந்த கடலோர ஒழுங்குமுறை சட்டப்படி 50 மீட்டர் தள்ளிக் கட்டிக்கலாமாம். நாளன்னிக்கு அட்வான்ஸ் குடுக்கோணும். பெரியப்பா என்னங்க சொல்றீங்க

பெரியப்பா: பட்டா சரியா இருக்குதா சாமி? கெணத்துல நல்ல தண்ணியா உப்புத் தண்ணியா? கடலோரம் நமக்குப் பழக்கமில்லாத வெவகாரம். கவிதாவக் கேளு

கவிதாக்கா: செந்தில், அட்வான்ஸ் குடுத்துப் போடாத கண்ணு, மொதல்ல இதப் படி. அந்த 50 மீட்டர் எல்லா ஊருக்கும் கெடையாது. கடலோர கிராமங்கள்ல 2011 சென்சஸ் கணக்குல ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல இருந்தாத்தான் 50, அதுக்கும் கடலோர மேலாண்மைத் திட்டம் போட்டு ஒப்புதல் வாங்கியிருக்கோணும். மத்த கிராமத்துக்கெல்லாம் 200 மீட்டர் வரைக்கும் புதுசா கட்டக்கூடாது. உங்க புரோக்கர் எந்த மேப்ப வெச்சு சொல்றாருன்னு கேளு

கவிதாக்கா: சட்டத்த உடு, அந்த மீட்டர் எங்கிருந்து அளக்கறாங்க? ஓதம் ஏறி நிக்கற கோட்டுல இருந்து. அந்தக் கோடே நவுந்து வந்துட்டு இருக்குது. இன்னிக்கு 70னு அளந்து வாங்குவ, உன் பையன் காலேஜ் போறப்ப எத்தனை இருக்கும்னு எந்தப் பத்திரத்துலயும் எழுதித் தர மாட்டாங்க

செந்தில்: கடலு மேல ஏறுது ஏறுதுன்னு சொல்றாங்க, வருசத்துக்கு மில்லிமீட்டர் கணக்குதானேக்கா

கவிதாக்கா: ஆமா, 2006ல இருந்து 2018 வரைக்கும் வருசத்துக்கு 3.7 மில்லிமீட்டர். 1901ல இருந்து கூட்டுனா 20 சென்டிமீட்டர், கையில ஒரு சாண். தட்டையான மண்ணுல ஒரு சாண் ஒசந்தா அலை எவ்வளவு தூரம் உள்ள வரும்னு ரோசனை பண்ணு. ஆனா அந்த எடத்துக்கு அதவிட அவசரமான வெசயம் மணலு. நம்ம வாய்க்கால்ல தலைமடைக்காரன் அடைச்சுட்டா கடைமடை காயுதில்ல, அதே கதைதான் அங்க. வருசத்துல பெரும்பாலான மாசம் அந்தக் கரையோரமா மணலு தெக்க இருந்து வடக்க நகரும், 1989ல பாண்டிச்சேரியில துறைமுகத்துக்குக் கடலுக்குள்ள செவுரு கட்டுனதும் மணலு அங்கயே நின்னு போச்சு, வடக்க இருந்த கரையெல்லாம் அரிச்சு ஊர் பீச்சே காணாமப் போயி கருங்கல்லு கொட்டுனாங்க, கல்லு கொட்டுன எடத்துக்கு அக்கட்டால இருந்த மீனவர் ஊருங்களுக்கு அரிப்பு தள்ளிப் போச்சு. நீ பாக்கற எடம் அந்த வடக்குப் பக்கம்தான்

செந்தில்: அப்ப நாமளும் முன்னால கல்லு கொட்டிக்கலாமில்லக்கா

கவிதாக்கா: கொட்டலாம். பக்கத்து ஊட்டுக்காரனுக்கு அரிக்கும். அவன் கொட்டுனா அதுக்கடுத்தவனுக்கு. எனக்கு மனசு ஒப்பல செந்தில், அங்க படகு நிறுத்த மணலு இல்லாம அந்த சனம் தவிக்குது, அதே எடத்துல நாம போயி ரூம் கட்டறதா? உலகத்துல பல எடத்துல இப்ப கடலோரத்துல இருக்கற ஊரையே பின்னால கொண்டு போறாங்க. ஃபிஜியில வுனிதோகோலோவான்னு ஒரு கிராமம் 2014லயே ரெண்டு கிலோமீட்டர் உள்ள வந்துருச்சு. பனாமாவுல கார்தி சுக்துப்னு ஒரு சின்னத் தீவு, 2024ல 300 குடும்பம் போல தரைக்கு வந்துட்டாங்க

சுந்தரம் மச்சான்: மாப்ள, நான் ஒண்ணு சொல்லட்டுமா. சுனாமிக்குப் பொறவு 2006ல நாகப்பட்டினம் பக்கம் ஊடு கட்டற சைட்ல ஒன்றரை வருசம் இருந்தேன். கடலுக்கு 200 மீட்டருக்குள்ள இருக்கறவங்க பழைய எடத்தக் குடுத்துட்டு வந்தா அக்கட்டால புது ஊடு, வரலைன்னா சொந்தச் செலவுல ரிப்பேர் பண்ணிக்கோன்னு ஏற்பாடு. நாங்க ஊடு நல்லாத்தான் கட்டுனோம். ஆனா ஒரு பெரியவரு சாவிய வாங்கிட்டு எங்கிட்ட கேட்டாரு, தம்பி இங்க படுத்திருந்தா கடலு என்ன நெறத்துல இருக்குதுன்னு நான் எப்படிப் பாக்கறதுன்னு. எனக்கு பதில் தெரியல. படகும் வலையும் இஞ்சினும் கரையில கெடக்குது, ராத்திரி காவலுக்கு ஆளு வேணும், பொம்பளைங்க மீன் கூடையச் சொமந்துட்டு அவ்வளவு தூரம் நடக்கோணும். நாங்க காலி பண்ணுனா எங்க எடத்துல ஓட்டல்காரன் வருவான்னுதான் அவங்க பெரிய பயமே. நீ சொல்றத படிச்சதும் அந்தப் பெரியவரு முகம்தான் ஞாபகம் வந்துச்சு

பெரியப்பா: மாப்ள சொல்றது பொக்குனு இருக்குதுங்க

பிரியா: ஆத்தாவுக்கு எல்லாத்தையும் சத்தமா படிச்சுக் காட்டிட்டேன். அவங்க சொல்றத அப்படியே டைப் பண்றேன்

பிரியா: "எங்கூரு டணாய்க்கன்கோட்டைக்குப் பக்கம். அணை வருதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க, யாரும் நம்புல, எனக்கு எட்டு வயசு இருக்கும். எங்கப்பாரு கதவையும் நெலவையும் கழட்டி வண்டியில ஏத்துனாரு. எங்கம்மா ஆட்டாங்கல்ல உட்டுப்போட்டு வரமாட்டேன்னு அதும்மேலயே உக்காந்துட்டா. கெணத்தக் கட்டித் தூக்கிட்டு வர முடியுமா, அதத்தான் எங்கப்பாரு சாகறவரைக்கும் சொல்லிட்டிருந்தாரு"

பிரியா: "ஊட்ட உட்டது கூடப் பரவால்ல சாமி. ஒரே தெருவுல இருந்த சனம் ஆளுக்கொரு தெசையா போயிட்டோம். நோம்பிக்கு ஒண்ணா பொங்க வெக்க ஆளில்லாமப் போச்சு. என்கூட விளையாடுன புள்ளைங்களப் பொறவு நான் பாக்கவே இல்ல"

பெரியப்பா: அம்மா இத எங்கிட்டயே சொன்னதில்ல. 1955ல கட்டி முடிச்ச அந்த பவானிசாகர் தண்ணியிலதான் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் பாயுது, நம்ம தோட்டம் மொதக்கொண்டு. நாம மஞ்சளும் நெல்லும் வெச்சு நல்லா இருக்கறது அவங்க எந்திரிச்சுப் போனதுனாலதான்

கவிதாக்கா: ஆத்தா சொன்னதுதான் எனக்கு இதுல பெருசு. ஒடிசாவுல கேந்திரபாரா மாவட்டத்துல சாதபாயான்னு ஊரு, ஏழு அண்ணன் தம்பின்னு அர்த்தம், ஏழு ஊருல பெரும்பகுதி கடலுக்குள்ள போயிருச்சு. 2018ல 571 குடும்பத்த பாகபதியாங்கற எடத்துக்கு மாத்துனாங்க. அந்த ஊரு சாமி பஞ்சுபராகி, அஞ்சு அம்மன், பூசாரிங்க எல்லாம் மீனவப் பொம்பளைங்க, ஆம்பளைங்க செலையத் தொடவே கூடாது. ஊரு போகும்போது சாமியும் கூடப் போகோணும்னு அந்தப் பொம்பளைங்க ஒத்துக்கிட்டு ஆம்பளைங்கள வெச்சு செலையத் தூக்கிட்டுப் போனாங்க. அப்படித்தான் போகோணும், தண்ணி வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடி, ஊரோட, சாமியோட, பொழப்பு எங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு. காலியான கரை காலியாவே கெடக்கோணும், வலை காய வெக்க

செந்தில்: அட்வான்ஸ் வேண்டாம்னு இப்பத்தான் புரோக்கருக்கு போன் பண்ணிட்டேனுங்க. கோவிச்சுக்கிட்டாரு. ஆனா அந்தப் பாண்டிச்சேரிப் பக்கத்து ஊர ஒருக்கா போயி பாக்கோணும்னு இருக்குது, வாங்கறதுக்கு இல்ல

சுந்தரம் மச்சான்: போனா பௌர்ணமி அன்னிக்கு போலாம் மாப்ள, ஓதம் நல்லா ஏறி நிக்கும். வயசானவங்களக் கேளு, நீங்க சின்னப் புள்ளைல படகு எங்க நிறுத்துனீங்கன்னு, கையக் காட்டுவாங்க, அந்த எடம் தண்ணிக்குள்ள இருக்கும். நானும் வர்றேன்

பிரியா: ஆத்தா கேக்கறாங்க, அணையில தண்ணி எறங்குனா மாதவராயப் பெருமாள் கோயில் வெளிய தெரியுமே, இந்த வருசம் தெரியுதான்னு

பெரியப்பா: இப்ப தண்ணி நெறையா நிக்குது. எறங்குனா நானே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லும்மா

பிரியா: சொல்லிட்டேனுங்க பெரியப்பா. செந்தில் அண்ணங்கிட்ட இன்னொண்ணு கேக்கச் சொன்னாங்க: "அந்தக் கடலோரத்து சனத்த அனுப்பறதா இருந்தா ஒரே ஊராத்தான் அனுப்பறாங்களா, இல்ல எங்கள மாதிரி ஆளுக்கொரு பக்கமா போறாங்களா? அதக் கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லச் சொல்லு"

செந்தில்: கேட்டுட்டு நேரா சத்தியமங்கலத்துக்கு வந்து சொல்றேன் ஆத்தா